உயிரோட இருக்கறவங்கள்ல பெரிய பாட்டாசிரியர் யாரு? ஒரு வருகைப் பதிவேடு

இந்தக் குறிப்பு ஒரு கம்பெனி பஸ்ஸில் ஆரம்பித்தது. பெரியபாளையத்தில் ஏறினால் ஆரணி வழியாகப் போய் ஜி.என்.டி. ரோட்டைப் பிடித்து கும்மிடிப்பூண்டி சிப்காட் போகிற பஸ். (ஆரணி என்றதும் பட்டுச்சேலை ஆரணியை நினைக்காதீங்க. இது எங்க திருவள்ளூர் மாவட்டத்து ஆரணி.) காலை ஷிப்டுக்குப் போகும்போது பாதிப் பேர் தூக்கம். செகண்ட் ஷிப்ட் முடிந்து திரும்பும்போதுதான் எல்லாருக்கும் வாய் திறக்கும்.

அன்றைக்கு டிரைவர் 'படகோட்டி' படத்துப் பாட்டு ஒன்றைப் போட்டார். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கிற ஒரு ஃபிட்டர் அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கண்ணதாசன் மாதிரி இனிமே எவன்பா எழுதப் போறான்?" என்றார். பின்சீட்டிலிருந்து ஒரு பையன், ட்ரெய்னி, "அண்ணா, அது வாலி எழுதுனதுண்ணா" என்றான். அவ்வளவுதான். பஸ் இரண்டாகப் பிரிந்தது.

டீ பந்தயம். போனை எடுத்துப் பாட்டு ஆப்பில் தேடினோம். பாடியவர் பெயர் இருந்தது, இசை இருந்தது, படத்தின் பெயர் இருந்தது. எழுதியவர் பெயர் கண்ணில் படவில்லை. கடைசியில் வேறு எங்கோ தேடிப் பையன் சொன்னதுதான் சரி என்று ஆனது. 1964-ல் வந்த 'படகோட்டி'யின் எல்லாப் பாட்டும் வாலி எழுதியவை. அண்ணன் டீக்குக் காசு கொடுத்தார். ஆனால் விடவில்லை. "சரி, செத்தவங்கள விடு. இப்ப உயிரோட இருக்கறவங்கள்ல யாரு பெரிய ஆளு, அதச் சொல்லு பாப்போம்!"

வைரமுத்து என்றார்கள் பாதிப் பேர். தாமரை, யுகபாரதி, கபிலன், விவேக், மதன் கார்க்கி என்று ஆளுக்கொரு பெயர். எங்க பக்கம் ஆந்திரா எல்லை என்பதால் பஸ்ஸில் தெலுங்குக்காரர்களும் உண்டு. அவர்கள் சந்திரபோஸ் என்றார்கள். பீகாரிலிருந்து வந்த ஒரு தம்பி அமைதியாக, "குல்சார் சாப்" என்றார். எல்லாரும் ஒரு நிமிஷம் சும்மா இருந்தோம்.

வீட்டுக்கு வந்தும் கேள்வி போகவில்லை. ஆனால் என்னை உறுத்தியது "யார் பெரியவர்" என்பதில்லை. அறுபது வருஷமாகக் கேட்கிற பாட்டுக்கு எழுதியவர் பெயர் தெரியாமலே ஒருத்தர் ரசித்திருக்கிறாரே, அப்போ இந்தப் பட்டியல்களை எல்லாம் நாம் எதை வைத்துப் போடுகிறோம்? இதைப் பார்க்க ஒரு சின்ன வழி கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு மாதிரி, ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு அன்றைக்கு உயிரோடு யார் யார் இருந்தார்கள் என்று எழுதிப் பார்ப்பது.

1959, அக்டோபர் 1

பாபநாசம் சிவன், வயது 69. கச்சேரி மேடையிலும் இருந்தார், சினிமாவிலும் இருந்தார். உடுமலை நாராயணகவி, வயது 60. நாடகத்திலிருந்து வந்து, சமூகக் கருத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவர். தஞ்சை ராமையாதாஸ், கா.மு. ஷெரீப், இரண்டு பேருக்கும் 45. அ. மருதகாசி, 39. கண்ணதாசன், 32. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், 29. ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து வாய்ப்புத் தேடிக்கொண்டிருந்த வாலி, 27.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பேரும் ஒரே நேரத்தில், அநேகமாக ஒரே கோடம்பாக்கத்தைச் சுற்றி! இதில் "பெரிய ஆள் யாரு" என்று அன்றைக்குக் கேட்டால், அந்த 27 வயசுக்காரரை யாராவது சொல்லியிருப்பார்களா? வாய்ப்பே இல்லை. 'கற்பகம்' வந்தது 1963-ல்தான். அதுவரைக்கும் அவர் வாசல் வாசலாக ஏறி இறங்கியவர்.

ஒரு வாரம் தள்ளிப் போங்கள். அக்டோபர் 8. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் இல்லை. சினிமாவில் அவர் எழுதியது ஒரு கை விரலில் எண்ணிவிடக்கூடிய சில வருஷங்கள். அதற்குப் பிறகு அறுபது வருஷத்துக்கு மேலாக அவர் பட்டியலில் இருக்கிறார். செத்தவர் இடம் உறுதி. உயிரோடு இருப்பவர்தான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தன் இடத்தைத் திரும்பச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

1981, அக்டோபர் 1

சிவன் 1973-லேயே போய்விட்டார். உடுமலை நாராயணகவி அந்த வருஷம் மே மாதம் காலமானார். கண்ணதாசன், 54, சிகாகோவில் மருத்துவமனையில். இன்னும் பதினாறு நாள். மருதகாசி 61. வாலி 49. புலமைப்பித்தன், முத்துலிங்கம், பஞ்சு அருணாசலம், கங்கை அமரன் எல்லாரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். போன வருஷம் 'நிழல்கள்' படத்தில் முதல் பாட்டு எழுதிய வைரமுத்துவுக்கு 28. காஞ்சிபுரம் பக்கத்தில் கன்னிகாபுரத்தில் நா. முத்துக்குமார் என்று ஆறு வயசுப் பையன் ஒருத்தன்.

அக்டோபர் 17-ல் கண்ணதாசன் இறந்தார். அவர் கடைசியாக எழுதிய பாட்டு வந்த 'மூன்றாம் பிறை' அடுத்த வருஷம்தான் தியேட்டருக்கு வந்தது. "தமிழ்ப் பாட்டு முடிஞ்சு போச்சு" என்று எங்க அப்பா சொன்னதாக அம்மா சொல்வார்கள். எங்க அப்பா மட்டுமா, ஒரு தலைமுறையே சொன்னது. ஆனால் பதிவேட்டைப் பாருங்கள். அன்றைக்கு உயிரோடு இருந்த வாலி அதற்குப் பிறகு இன்னும் 32 வருஷம் எழுதினார். வைரமுத்து அப்போதுதான் ஆரம்பித்திருக்கிறார். முடியவில்லை. அப்பாவுக்குப் பெயர் தெரிந்த ஆள் போய்விட்டார், அவ்வளவுதான்.

2016, ஆகஸ்ட் 1

பஞ்சு அருணாசலம், 75. நா. முத்துக்குமார், 41. இரண்டு வாரத்தில் இரண்டு பேரும் இல்லை. பஞ்சு சார் ஆகஸ்ட் 9, முத்துக்குமார் ஆகஸ்ட் 14. தேசிய விருது தொடர்ந்து இரண்டு வருஷம் வாங்கியவர் ('தங்க மீன்கள்', 'சைவம்'), கேட்டால் "இன்னும் இருபது வருஷம் இவர்தான்" என்று எல்லாரும் சொல்லியிருக்கக்கூடியவர். அதே வருஷம் அக்டோபரில் பாப் டிலனுக்கு இலக்கிய நோபல் கிடைத்தது. பாட்டு எழுதுகிறவனுக்கு நோபலா என்று உலகம் முழுக்கச் சண்டை. தமிழில் யாருக்குக் கொடுக்கலாம் என்று நம்ம ஆட்களும் பேசிக்கொண்டார்கள். பேசியவர்கள் சொன்ன பெயர்களில் பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்ந்தவர்கள். நோபல் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் என்பதே பலருக்கு ஞாபகம் இல்லை.

2021-ல் செப்டம்பர் 8 புலமைப்பித்தன், அக்டோபர் 8 பிறைசூடன். இரண்டு பேருக்கும் அன்றைக்கு வந்த அஞ்சலிகளைப் படித்தவர்களில் எத்தனை பேர், "அட, இந்தப் பாட்டு இவர் எழுதினதா?" என்று முதல் முறையாகத் தெரிந்துகொண்டார்கள்! நானும் அதில் ஒருத்தன். பாட்டாசிரியருக்கு முழுப் பட்டியலும் ஒரே இடத்தில் வெளிவருவது அவருடைய மரணச் செய்தியில்தான்.

பெயர் எப்படி நம்ம கைக்கு வந்தது?

சரி, கதைக்கு வருவோம். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்' காலத்திலிருந்தே பாட்டெழுத ஆள் உண்டு. அதற்கு எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்றார்கள். மெல்லிசான காகிதம், கதைச் சுருக்கம், கீழே பாட்டுகள். கதையை முழுசாகச் சொல்லாமல் மீதிக்குத் திரையைப் பார்க்கச் சொல்லிவிடுவார்கள். அந்தப் புத்தகம் வாங்கியவருக்கு எழுதியவர் பெயர் தெரியும். கோயில் திருவிழாக் கடைகளிலும் அது கிடைத்தது. பாட்டு என்பது அப்போது கேட்பதோடு படிப்பதும்தான்.

அடுத்து ரேடியோ. சிலோன் ரேடியோ அறிவிப்பாளர்களிடம் பாட்டோடு சேர்த்து விவரம் கேட்டு வளர்ந்தவர்கள் நிறையப் பேர். இந்தியில், பாட்டு எழுதியவர் பெயரையும் வானொலியில் சொல்ல வேண்டும் என்று சாகிர் லூதியான்வி வாதாடியதை இன்றைக்கும் சொல்வார்கள். ஒரு கவிஞர் தன் பெயருக்காக அப்படிக் கேட்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். கேட்காமல் யாரும் கொடுக்கவில்லை.

பிறகு கேசட். நாம் ஒரு சீட்டில் பாட்டின் முதல் அடியும் படத்தின் பெயரும் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுப்போம். எழுதியவர் பெயருக்கு அந்தச் சீட்டில் இடமே கிடையாது. ரெடிமேடாக வந்த கேசட்டோ 'எம்.ஜி.ஆர். தத்துவப் பாடல்கள்' என்று வந்தது. தத்துவம் பட்டுக்கோட்டையுடையது, வாலியுடையது, கண்ணதாசனுடையது, மருதகாசியுடையது. பாடியது டி.எம்.எஸ். விற்றது எம்.ஜி.ஆர். பாட்டு என்று. இன்றைக்கும் டீக்கடையில் அப்படித்தான் சொல்கிறோம். எம்.ஜி.ஆர். பாட்டு, இளையராஜா பாட்டு, எஸ்.பி.பி. பாட்டு. "மருதகாசி பாட்டு போடுங்க" என்று யாராவது கேட்டு நீங்க பார்த்திருக்கீங்களா?

இப்போது ஆப். மேலே இசையமைப்பாளர், பாடகர். எழுதியவரைப் பார்க்கணும்னா மூணு புள்ளியைத் தட்டி உள்ளே போகணும். போனாலும் சில பழைய பாட்டுகளுக்கு அந்த இடம் காலி, சிலதில் தப்பு. வசதி கூடக்கூட எழுதியவர் பெயர் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. ஃபிட்டர் அண்ணன் தப்பாகச் சொன்னதில் அவர் குற்றம் பெரிசாக இல்லை. ஒரு காலத்தில் இரண்டு பேர் எழுதினால், புகழ் அதிகமுள்ளவர் கணக்கில் மற்றவர் பாட்டும் சேர்ந்துவிடும். வாலி வாழ்நாள் முழுக்க இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

பெயர் போனால் போகட்டும், காசு? அதிலும் இதே கதை. 1977-ல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் காசு கொடுத்து எழுதவைத்த பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், உரிமை தயாரிப்பாளருக்கே என்று சொன்னது. அந்தத் தீர்ப்போடு தனிக் குறிப்பு எழுதிய நீதிபதி கிருஷ்ணய்யர், பாடுகிறவருக்குச் சட்டத்தில் இடமே இல்லையே என்று வருத்தப்பட்டார். பாட்டாசிரியருக்கு வழி பிறக்க 2012 வரை ஆனது. அந்த வருஷம் வந்த பதிப்புரிமைத் திருத்தச் சட்டத்துக்காக மாநிலங்களவையில் பேசியவர்களில் முக்கியமானவர் ஜாவேத் அக்தர், அவரும் ஒரு பாட்டாசிரியர். தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர்த்து மற்ற இடங்களில் பாட்டு பயன்படும்போது வருகிற ராயல்டியில் எழுதியவருக்குச் சமபங்கு என்றது சட்டம். வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. வாலி 2013 ஜூலையில் இறந்தார். அவர் எழுதியதில் கிட்டத்தட்ட எல்லாமே பழைய கணக்கின் கீழ்தான்.

விருதை வைத்து அளக்கலாமா?

பஸ்ஸில் வைரமுத்து கட்சிக்காரர்கள் வைத்த வாதம் பலமானது. பாடலுக்கான தேசிய விருது ஏழு. 'முதல் மரியாதை'யில் ஆரம்பித்து 'தர்மதுரை' வரை. 1980-ல் தொடங்கி இன்றைக்கு வரை நாற்பது வருஷத்துக்கு மேல் களத்தில். இதை மறுக்க முடியாது.

ஆனால் அந்த விருதின் வரலாற்றையும் பாருங்கள். 1968-ம் ஆண்டுப் படங்களுக்கு அந்த விருதை முதன்முதலில் கொடுத்தபோது வாங்கியவர் கண்ணதாசன், 'குழந்தைக்காக' படத்துக்கு. அதாவது அப்படி ஒரு விருதே வருவதற்கு முன்னால் பட்டுக்கோட்டை போய்விட்டார், ராமையாதாஸ் போய்விட்டார். வாலிக்கு 2007-ல் பத்மஸ்ரீ கிடைத்தது, இந்தத் தேசிய விருது கடைசி வரை இல்லை. ஆஸ்கர் என்று பார்த்தால் 'ஜெய் ஹோ'வுக்காக குல்சாரும் 'நாட்டு நாட்டு'க்காக சந்திரபோஸும் நம்ம எல்லாரையும் தாண்டிவிடுவார்கள். ஆனால் அவர்கள் இருவருமே எழுதிய சிறந்த பாட்டு அதுதானா என்று அந்த மொழிக்காரர்களிடம் கேட்டால் சிரிக்கிறார்கள். எங்க பஸ் பீகார் தம்பியும் சிரித்தார்.

அரக்கோணத்துப் பையன்

பெயர் தொலைந்துபோவது பழைய காலத்து விஷயம் என்று நினைக்க முடியாது. எங்க ஊரிலிருந்து திருவள்ளூரைத் தாண்டி மேற்கே போனால் அரக்கோணம். அங்கிருந்து வந்தவர் அறிவு. 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டின் வரிகள் அவருடையவை. தீயோடு சேர்ந்து பாடியவரும் அவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை அதில் வைத்தார், பாட்டி பெயரையும் வைத்தார். உலகம் முழுக்கக் கேட்டார்கள்.

அந்த வருஷம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் அட்டையில் தீயும் இன்னொரு கலைஞரும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்டார்கள். அடுத்த வருஷம் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அவர் இல்லாமல் மேடையேறியபோது, இதில் என் உழைப்பு எவ்வளவு என்று அறிவே வெளிப்படையாக எழுத வேண்டி வந்தது. மூவரின் கூட்டு உழைப்பு அது என்று தீயும் சந்தோஷ் நாராயணனும் பதில் சொன்னார்கள். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. சாகிர் காலத்தில் கேட்ட கேள்வியையே 2022-லும் ஒரு பாட்டாசிரியர் கேட்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் குறித்துவைக்கிறேன். பாட்டியின் பெயரைப் பாட்டுக்குள்ளேயே வைத்தது எவ்வளவு புத்திசாலித்தனம் என்றும் அப்போதுதான் புரிந்தது. பாட்டுக்கு வெளியே இருக்கிற பெயர் எப்போது வேண்டுமானாலும் உதிரலாம்.

ஆடி ஞாயிறு

ஆடி மாசம் பெரியபாளையம் வந்து பாருங்கள். ஆரணி ஆற்றங்கரையில் பவானி அம்மன் கோயில். வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு சுற்றுகிறவர்கள், பொங்கல் வைக்கிறவர்கள், மொட்டை போட்ட குழந்தைகள். ஒலிபெருக்கியில் எல்.ஆர். ஈஸ்வரி அம்மன் பாட்டு. பாடுவது யார் என்று அந்த மொட்டைக் குழந்தைகூடச் சொல்லும். எழுதியவர் யார் என்று கூட்டத்தில் பத்துப் பேரைக் கேட்டேன். ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஒரு அம்மா, "பாட்டு எழுதுவாங்களா இன்னா, அது அம்மன் பாட்டுபா" என்றார்.

எங்க வீட்டுப் படையலுக்குப் பம்பை அடித்துப் பாடுகிற ஒரு பெரியவர் வருவார். நான் சின்னப் பையனாக இருந்தபோதிலிருந்து வருகிறார். ஒவ்வொரு வருஷமும் வர்ணிப்பில் எங்க குடும்பத்து ஆட்கள் பெயர், அந்த வருஷம் பிறந்த குழந்தை, செத்துப்போன தாத்தா எல்லாம் வரும். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை, நின்ற இடத்தில் கட்டுவது. இந்தக் கட்டுரைக்காக உயிரோடு இருக்கும் பாட்டாசிரியர்கள் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்த எனக்கு, முப்பது வருஷமாக என் வீட்டு வாசலில் ஒருத்தர் பாட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. பம்பைக்காரர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறோம். என் தாத்தா பெயர் அவருக்குத் தெரியும்.

இந்த வருஷம் கேட்டேன். சொன்னார். "எதுக்குப்பா கேக்குற, ஏதாவது பாரம் எழுதணுமா?" என்றார். இங்கே போடலாமா என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். என் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

என் ஓட்டு

இவ்வளவு சொல்லிவிட்டு நழுவினால் நீங்க விடமாட்டீங்க. எழுதிய காலமும் பரப்பும் அளவு என்றால் வைரமுத்து. அதில் சண்டை போட ஒன்றும் இல்லை. என் சொந்த ஓட்டு தாமரைக்கு. ஆண்கள் நிறைந்த தொழிலில், பெண்ணின் ஆசையைப் பெண்ணே எழுதியதை 2001-ல் 'மின்னலே' மூலம் தமிழ்நாடு முழுக்கக் கேட்கவைத்தவர். ஆங்கிலம் கலக்கமாட்டேன், ஆபாசம் எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு அதையே வியாபாரச் சினிமாவுக்குள் நின்று செய்துகாட்டியவர். குறைவாக எழுதினாலும், கேட்ட உடனே அவர் என்று தெரிகிறது.

ஆனால் 1959 பதிவேட்டைப் பார்த்த பிறகு எனக்கு இந்த ஓட்டில் முழு நம்பிக்கை இல்லை. இன்றைய வாலி இன்றைக்கு எங்கேயோ ஒரு வாசலில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பார்.

எங்க பஸ்ஸில் இப்போது ஒரு சட்டம் வந்திருக்கிறது. யார் பாட்டுப் போடச் சொன்னாலும் எழுதியது யார் என்று முதலில் சொல்லணும். தெரியவில்லை என்றால் தேடிச் சொல்லணும். டிரைவர் ரேடியோக்காரர் மாதிரி குரலை மாற்றி அறிவிக்கிறார். போன வாரம் மருதகாசி பாட்டு ஒன்று போட்டார். பெயர் சொல்லித்தான் போட்டார். ஃபிட்டர் அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இருந்தாலும் கண்ணதாசன் கண்ணதாசன்தாம்பா."

டீ யார் வாங்கினது என்று சொல்ல வேண்டியதில்லை.